வெறுங்கால் சிறுவன் சொன்ன போர்

(‘பிள்ளைகளுக்குப் போரின் கொடுமையைச் சொல்லலாமா?’ என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில், பெர்மாஸ் ஜெயாவிலிருந்து கலந்துகொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காகக் கட்டுரை வடிவில்.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி, “பிள்ளைகளுக்கு எதற்கு இந்த இரத்தக் கதை? வளர்ந்த பிறகு அவர்களே தெரிந்துகொள்ளட்டும்” என்றார். அரங்கம் கைதட்டியது. அது ஒரு தாயின் கவலை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்காகவே வரையப்பட்ட ஒரு படக்கதையைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். ஜப்பானிய மொழியில் அதன் பெயர் ‘ஹதாஷி நோ கென்’. ‘வெறுங்கால் கென்’ என்று தமிழில் சொல்லலாம். அதைச் சொல்லி முடித்த பிறகு, காட்டலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் கரையில் தெரிந்த புகை

ஜப்பானுக்குப் போவதற்கு முன்னால் நம் ஊரிலிருந்து தொடங்குகிறேன். பெர்மாஸ் ஜெயாவில் இன்று வரிசை வீடுகளும் கடைவீதிகளும் நிறைந்திருக்கின்றன. பக்கத்தில் செனிபோங். மாலையில் குடும்பத்தோடு மீன் சாப்பிடப் போகிறோம். மேசையில் உட்கார்ந்தபடியே நீரிணைக்கு அப்பால் பார்த்தால் சிங்கப்பூரின் செம்பவாங் தெரியும். கப்பல்களும் பாரந்தூக்கிகளும் தெரியும்.

அந்தக் கரையில்தான் பிரிட்டிஷாரின் பெரிய கடற்படைத் தளம் இருந்தது. 1942 ஜனவரி 31-ஆம் நாள் பின்வாங்கிய படைகள் ஜொகூர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் போயின. ஜப்பானியத் தளபதி யமாஷிதா ஜொகூர் பாருவில் புக்கிட் செரீன் அரண்மனையில் வந்து உட்கார்ந்தார். பிப்ரவரி 7-ஆம் நாள் இரவு, எதிரியின் கவனத்தைத் திருப்ப, நமக்குக் கிழக்கே இருக்கும் புலாவ் ஊபின் தீவில் ஜப்பானியர் இறங்கினார்கள். மறுநாள் இரவு மேற்குப் பக்கமாக உண்மையான தாக்குதல் நடந்தது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கரும்புகை இந்த நீரிணை முழுவதும் கவிழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் ‘ஜப்பான்காரன் காலம்’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. செல்லாக்காசாகிப் போன வாழைமரப் பணம். தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகச் சயாமுக்கு ஏற்றப்பட்ட ஆட்கள். இதெல்லாம் முடிந்தது எப்படி என்று கேட்டால் அவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: “அணுகுண்டு போட்டான், நாம பொழைச்சோம்.”

சிறு வயதில் இந்தப் பதிலைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அந்தக் குண்டு யார் தலையில் விழுந்தது என்று நான் கேட்டதில்லை. எங்களுக்குச் சொல்லித் தரவும் ஆளில்லை. அந்தக் கேள்வியை முதன்முதலில் என்னைக் கேட்க வைத்தது இந்தப் படக்கதைதான்.

பள்ளிச் சுவர் காப்பாற்றிய உயிர்

இதை வரைந்தவர் கெய்ஜி நகஸவா. 1939-இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். தந்தை ஓவியர். போருக்கு எதிரான நாடகக் குழுவில் இருந்ததற்காகச் சிறைக்குப் போனவர்.

1945 ஆகஸ்டு 6, காலை எட்டே கால் மணி. ஆறு வயதுப் பையன் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறான். வழியில் ஒரு பெண்மணி நிறுத்தி ஏதோ கேட்கிறார். அந்த நொடியில் குண்டு வெடிக்கிறது. வெடித்த இடத்துக்கும் அந்தப் பள்ளிக்கும் சுமார் 1.2 கிலோமீட்டர் தூரம்தான். பையன் பள்ளியின் கான்கிரீட் மதிற்சுவரை ஒட்டி நின்றிருந்தான். சுவர் வெப்பத்தைத் தடுத்துவிட்டது. எதிரே நின்ற பெண்மணி கருகிப் போனார்.

வீட்டில் தந்தை, அக்கா, தம்பி மூவரும் இடிந்த வீட்டுக்கு அடியில் அகப்பட்டார்கள். நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணியான தாய் மட்டும் வெளியே. உத்திரத்தைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. தீ நெருங்கியது. தானும் அங்கேயே சாகப் போவதாக நின்ற அந்தத் தாயை அக்கம்பக்கத்தார் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே, தெருவோரத்தில், அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையும் சில மாதங்களில் இறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மாண்டவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

பையன் வளர்ந்தான். ஒசாமு தெஸுகாவின் படக்கதையைப் பார்த்து, வரைந்தால் இப்படி வரைய வேண்டும் என்று முடிவு செய்தான். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தான். 1961-இல் தோக்கியோ போனான். அங்கே தான் ஹிரோஷிமாக்காரன் என்பதை மறைத்தான். குண்டிலிருந்து பிழைத்தவர்களைப் பக்கத்தில் சேர்க்க அஞ்சிய காலம் அது. பெண் கொடுக்க மாட்டார்கள், வேலை தர மாட்டார்கள். அணுகுண்டு பற்றி எதுவும் வரையக் கூடாது என்றுதான் நகஸவாவும் முதலில் இருந்தார்.

1966-இல் தாய் இறந்தார். எரித்த பிறகு எலும்பு பொறுக்குவது ஜப்பானியர் வழக்கம். நம்மிடமும் உண்டு. மகன் போய்ப் பார்த்தபோது, பொறுக்க எலும்பு இல்லை. வெள்ளைத் துணுக்குகளும் சாம்பலும்தான் இருந்தன. ‘கதிர்வீச்சு என் அம்மாவின் எலும்பைக்கூட விட்டு வைக்கவில்லை’ என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் கோபத்தில்தான் பேனாவைப் பிடித்தார்.

பிள்ளைகள் பத்திரிகையில் ஒரு பேரழிவு

1968-இல் அவருடைய முதல் அணுகுண்டுக் கதை பெரியவர்கள் படிக்கும் ஓர் இதழில் வந்தது. 1972-இல், தன் அனுபவத்தையே ‘நான் பார்த்தேன்’ என்று பொருள்படும் தலைப்பில் வரைந்தார். அதைப் படித்த ஆசிரியர் குழு, நீளமாக எழுதுங்கள் என்றது. 1973-இல் ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் வார இதழில் ‘வெறுங்கால் கென்’ தொடங்கியது. லட்சக்கணக்கில் விற்ற சிறுவர் இதழ் அது. தமிழ்நாட்டில் முத்து காமிக்ஸ் தொடங்கி இரும்புக்கை மாயாவியைப் பிள்ளைகள் படிக்க ஆரம்பித்தது 1972-இல்தான். அதே காலத்தில் ஜப்பானியப் பையன் விளையாட்டுக் கதைக்கும் வேடிக்கைக் கதைக்கும் நடுவே பக்கத்தைத் திருப்பினால், தோல் உரிந்து கைகளில் தொங்க நடந்துபோகும் மனிதர்கள்!

ஆனால் கதை குண்டிலிருந்து தொடங்கவில்லை. கோதுமைப் பயிரில் தொடங்குகிறது. குளிரில் முளைத்து, மிதிபட்டு, மிதிபட்டும் நிமிர்ந்து வளரும் கோதுமையைப் போல நீங்களும் நிமிர வேண்டும் என்று தந்தை பிள்ளைகளுக்குச் சொல்கிறார். வீட்டில் பசி. ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு அண்ணன் கென்னும் தம்பி ஷின்ஜியும் அடித்துக்கொள்கிறார்கள். போர் வேண்டாம் என்று சொன்னதற்காகத் தந்தையைத் தேசத்துரோகி என்கிறது அக்கம்பக்கம். துணிந்து உதவி செய்பவர் பக்கத்து வீட்டுக் கொரியர், பாக். ஜப்பானியரால் நாடிழந்து வந்த அவரை மற்றவர்கள் மனிதராகவே மதிப்பதில்லை. இவ்வளவையும் நம்மைப் பழக வைத்துவிட்டுத்தான் ஆகஸ்டு 6 வருகிறது.

ஒரு செய்தியைக் கவனியுங்கள். வீட்டுக்கு அடியில் தந்தையும் அக்காவும் தம்பியும் அகப்பட்ட காட்சியில், கதையின் கென் பக்கத்திலேயே நின்று உத்திரத்தைத் தள்ளுகிறான். உண்மையில் நகஸவா அங்கே இல்லை. பள்ளி வாசலில் இருந்தார். தாய் மறுபடி மறுபடி சொல்லிச் சொல்லி அந்தக் காட்சி அவர் மனத்தில் ஏறிவிட்டது. பார்க்காத அந்த மரணத்துக்குப் பக்கத்தில், படக்கதையில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். வரலாற்று நூல் இதைச் செய்யாது. செய்யவும் கூடாது. ஒரு மகன் செய்யலாம்.

படங்கள் கொடுமையாக இருக்கின்றன என்று அப்போதே குறை வந்தது. நகஸவாவின் பதில் நேரானது. உண்மை இதைவிடப் பல மடங்கு கொடியது, பிள்ளைகளுக்காகக் குறைத்தே வரைந்திருக்கிறேன், இதைப் பார்த்துப் பிள்ளை அஞ்சினால் நல்லதுதான் என்பது அவர் நிலை. போரைக் கண்டு அஞ்சாத பிள்ளைதானே நாளைக்குப் போருக்குக் கைதட்டப் போகிறான்?

வார இதழில் ஓராண்டுக்கு மேல் வந்து கதை நின்றது. நகஸவா விடவில்லை. வேறு வேறு இதழ்களில் தொடர்ந்தார். கடைசியில் வெளியிட்டது ஆசிரியர் சங்கத்தின் இதழ். 1987-இல் பத்துத் தொகுதிகளாக நிறைவு பெற்றது. படக்கதைகளை உள்ளே விடாத பள்ளி நூலகங்கள்கூட இதற்கு மட்டும் அலமாரியில் இடம் கொடுத்தன. ஜப்பானில் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிற்று. 20-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிற்று. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் கூலி வாங்காத தொண்டர்கள்.

தன் நாட்டையும் விட்டு வைக்காதவர்

“ஜப்பான்காரன் தன் துயரத்தைச் சொல்கிறான். நம்மைக் கொன்றதைச் சொல்வானா?” இப்படி ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சயாமில் தாத்தாவைப் பறிகொடுத்த குடும்பம் கேட்காமல் யார் கேட்பது?

சொன்னார் என்பதுதான் என் பதில். குண்டு போட்ட அமெரிக்காவை அவர் மன்னிக்கவில்லை. அதே கையோடு, போரைத் தொடங்கிய இராணுவத்தையும் பேரரசரையும் விட்டு வைக்கவில்லை. பிற்பகுதித் தொகுதிகளில், ஆசிய நாடுகளில் ஜப்பானியப் படை செய்த கொலைகளையும் தலைவெட்டுகளையும் படமாகவே போட்டார். பள்ளி நிறைவு விழாவில் நாட்டுப்பண்ணைப் பாட மாட்டேன் என்று கென் எழுந்து நின்று அதற்கான காரணங்களை அடுக்கும் இடம் ஒன்று வரும். அவன் சொல்லும் கொடுமைகள் நம் ஆசிய மண்ணில் நடந்தவை.

இன்னொரு பாத்திரத்தையும் சொல்கிறேன். போரின்போது கென்னின் தந்தையைத் தேசத்துரோகி என்று காட்டிக்கொடுத்த தெருத் தலைவர் ஒருவர். போர் முடிந்ததும் அவரே அரசியல் மேடையேறி, ‘நான் என்றைக்கும் சமாதானவாதி’ என்று பேசுவார். கென் கூட்டத்தில் புகுந்து அவர் வேடத்தைக் கலைப்பான். இந்தப் பேர்வழியை ஜப்பானில் மட்டும்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொல்வீர்களா?

ஜொகூரிலிருந்து போன மாணவர்

ஹிரோஷிமாவுக்கும் நமக்கும் வேறு தொடர்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1943, 1944-ஆம் ஆண்டுகளில் ஜப்பான் தான் பிடித்த நாடுகளிலிருந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்க அழைத்துப் போனது. மலாயாவிலிருந்து போனவர்களில் மூவர், 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் படித்துக்கொண்டிருந்தார்கள். நிக் யூசோப் கிளந்தான்காரர். குண்டுக்குப் பலியாகி ஹிரோஷிமா வட்டாரத்திலேயே அடக்கமானார். சையத் ஓமார் நம் ஜொகூர்க்காரர். குண்டு விழுந்தபோது பிழைத்துக்கொண்டார். தோக்கியோவுக்குத் திரும்பும் வழியில் உடல்நிலை மோசமாகிக் கியோத்தோ மருத்துவமனையில் செப்டம்பர் 3-ஆம் நாள் இறந்தார். போர் முடிந்துவிட்டதே, இனி ஊருக்குப் போகலாம் என்று எண்ணியிருக்க வேண்டிய நேரம். அவருடைய கல்லறை இன்றும் கியோத்தோவில் ஒரு புத்த கோயிலில் இருக்கிறது.

மூன்றாமவர் அப்துல் ரசாக். அவர் பிழைத்து ஊர் திரும்பினார். பிற்காலத்தில் இங்கே மாணவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்தார். அவருடைய அனுபவம் ‘டெபு ஹிரோஷிமா’ என்று மலாய் நூலாகவும் வந்தது. 2013-இல் காலமானார்.

“அணுகுண்டு போட்டான், நாம பொழைச்சோம்” என்ற வாக்கியத்தில் இந்த ஜொகூர் இளைஞரை எங்கே வைப்பது? பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பட்ட பாட்டுக்கு அந்த வாக்கியம் நியாயமானது. ஆனால் அது முழுக் கணக்கு ஆகாது. மீதிக் கணக்கில் பள்ளி வாசலில் நின்ற ஆறு வயதுப் பையன் இருக்கிறான். ஜொகூரிலிருந்து படிக்கப் போன பிள்ளையும் இருக்கிறான்.

பூட்டிய அலமாரி

இந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற முயற்சி ஜப்பானிலேயே நடந்தது. ஷிமானே மாநிலத்து மட்சுவே நகரில், 2012 டிசம்பரில், கல்வி வாரிய அலுவலகம் பள்ளிகளுக்குச் சொல்லி அனுப்பியது: புத்தகத்தை உள்ளே வைத்துப் பூட்டுங்கள், ஆசிரியர் அனுமதி இல்லாமல் கொடுக்காதீர்கள். காரணமாகக் காட்டியது, ஜப்பானியப் படையின் கொடுமைகளைக் காட்டும் படங்களை! அதே டிசம்பர் 19-ஆம் நாள்தான் நகஸவா நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 73. மறு ஆண்டு ஆகஸ்டில் செய்தி வெளியே வந்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு. அந்த மாதமே வாரியம் கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது.

2023-இல் ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து இந்தக் கதைப் பகுதியை எடுத்துவிட முடிவு செய்தது. நோயாளித் தாய்க்காக அடுத்த வீட்டுக் குளத்தில் கென் மீன் திருடும் காட்சி, தெருவில் பாடிக் காசு சம்பாதிக்கும் காட்சி, இவை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்காமல் புரியாது என்றார்கள். புரியாதுதான். பசி தெரியாத பிள்ளைக்குத் திருட்டு மட்டும்தான் தெரியும். அதை விளக்கத்தானே ஆசிரியர் இருக்கிறார்? முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இதைக் கேட்கிறேன்.

நம் பிள்ளை கையில் என்ன?

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தது. அதில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் இருக்கிறது.

மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள் 70,000-க்கு மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அவர்கள் பெயரைக் கல்லில் யார் வெட்டினார்கள்?

எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். இரண்டும் நம் மண்ணின் நாவல்கள். இரண்டையும் பெரியவர்கள் படிக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? படக்கதை நம் நாட்டுக்குப் புதிதா? லாட் 1979-இல் ‘கம்போங் பாய்’ வரைந்தார். மறைந்துகொண்டிருந்த ஒரு பேராக் கிராமத்து வாழ்க்கையை அந்தக் கோடுகள் இன்றைக்கும் பிள்ளைகள் கையில் வைத்திருக்கின்றன. தோட்டத்து லயத்திலிருந்து தந்தை லாரி ஏறிப் போன பிறகு, வாசலில் நின்ற பையனையும் அப்படி வரைந்தால் என்ன? அவன் காலிலும் செருப்பு இருந்திருக்காது.

நம் பெரியவர்கள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. சொன்னால் வலிக்கும். நகஸவாவும் பல ஆண்டு பேசாமல்தான் இருந்தார். தாயின் சாம்பலைப் பார்த்த பிறகுதான் பேசினார். சயாமிலிருந்து திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் சொல்லக் கேட்டவர்கள், என் வயதுக்காரர்கள், இன்னும் இருக்கிறோம். தாய் சொல்லக் கேட்டதை மகன் வரைந்தது போல, கேட்டதை எழுதி வைக்கவாவது எங்களால் முடியும்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரிக்கு ஒரே ஒரு வார்த்தை. இந்தப் படக்கதையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். “ஏம்மா அந்தத் தம்பியைத் தூக்க முடியல?” என்று பிள்ளை கேட்கும். பதில் சொல்லுங்கள். அப்படியே, நம் வீட்டில் சயாமுக்குப் போனவர் யார் என்பதையும் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள்.